வாரந்தோறும் வலைப்பூ உலா: தனியாக எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் வழி

வலைப்பூ ஒன்றைத் தொடங்குவது இன்று அரை மணி நேர வேலை. பிளாகரிலோ வேர்ட்பிரஸிலோ ஒரு கணக்கைத் திறந்து, வலைப்பூவுக்கு ஒரு பெயரைச் சூட்டி, அரூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே முதல் பதிவை வெளியிட்டுவிடலாம். கடினமான பகுதி அதன் பிறகுதான் தொடங்குகிறது. தீர்த்தமலையின் சுனைகளைப் பற்றியோ, பாலக்கோட்டுத் தக்காளியின் விலை சரிவைப் பற்றியோ பொறுமையாக எழுதி வெளியிட்ட ஒரு பதிவு யார் கண்ணில் பட்டது, யார் கடைசிவரை படித்தார்கள் என்று எழுதியவருக்குத் தெரிவதில்லை. சில மாதங்கள் இப்படிப் போனால் கை தானாகவே ஓய்ந்துவிடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் ஆர்வமாகத் தொடங்கிப் பாதியில் நிறுத்திய வலைப்பூக்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். எழுத்தில் சரக்கு இல்லாமல் நின்றவை அவற்றில் குறைவு. படித்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் நின்றவையே மிகுதி. இந்தத் தனிமையைப் போக்குவதற்கு வலைப்பதிவர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட எளிய ஏற்பாடுதான் ப்ளாக் ஹாப் எனப்படும் வலைப்பூ உலா.

உலாவின் அடிப்படை மிக எளியது. ஒருவர் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அந்த நாளில் தம்முடைய வலைப்பூவில் ஓர் அழைப்புப் பதிவை வெளியிடுகிறார். கலந்துகொள்ள விரும்பும் பதிவர்கள், தாங்கள் அண்மையில் எழுதிய ஒரு பதிவின் இணைப்பை அந்த அழைப்பின் கீழ் உள்ள பட்டியலில் சேர்க்கிறார்கள். பட்டியல் இரண்டு மூன்று நாள்கள் திறந்திருக்கும். அந்த நாள்களுக்குள் ஒவ்வொருவரும் பட்டியலில் உள்ள வேறு சிலருடைய பதிவுகளுக்குப் போய், படித்து, பின்னூட்டம் எழுத வேண்டும். அடுத்த வாரம் அதே கிழமையில் புதிய பட்டியல் தொடங்குகிறது. சில உலாக்களில் பட்டியல் நடத்துபவரின் பக்கத்தில் மட்டுமே இருக்கும். வேறு சிலவற்றில் அதே பட்டியல் கலந்துகொள்ளும் எல்லாருடைய வலைப்பூவிலும் தெரியும்படி ஒரு சிறு நிரல்துண்டு கொடுக்கப்படும். அப்படியானால் வாசகர் எந்த வீட்டு வாசலில் நுழைந்தாலும் மற்ற எல்லா வீடுகளுக்கும் போக முடியும். ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவிப் போகும் இந்த இயல்பு முழுமையாக வெளிப்படுவது இரண்டாவது வகையில்தான்.

நம் பகுதியில் வாரச்சந்தை தெரியாதவர் இல்லை. ஞாயிறு என்றால் போச்சம்பள்ளி, செவ்வாய் என்றால் காரிமங்கலம், வெள்ளி என்றால் குந்தாரப்பள்ளி என்று நாள் குறித்து வைத்திருப்பதால்தான், யாரும் யாருக்கும் சொல்லியனுப்பாமலே சுற்றுவட்டாரம் முழுவதும் ஓரிடத்தில் கூடுகிறது. வாங்கவும் விற்கவும் வந்தவர்கள் சம்பந்தம் பேசியும் மழை விசாரித்தும் திரும்புகிறார்கள். வலைப்பூ உலாவுக்கும் உயிர் அந்தக் கிழமைதான். "நேரம் கிடைக்கும்போது ஒருவர் எழுதுவதை ஒருவர் படிப்போம்" என்று பேசிக்கொண்டால் அந்த நேரம் ஒருபோதும் கிடைக்காது. வியாழக்கிழமை மாலை என்று குறித்துவிட்டால், எழுதுவதற்கு ஒரு கெடுவும் படிப்பதற்கு ஒரு பழக்கமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

ஆங்கிலப் பதிவர்களிடையே இந்த வழக்கம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. சொல்லே இல்லாமல் ஒரு படத்தை மட்டும் வெளியிடும் புதன்கிழமை உலா, புத்தகம் பற்றி எழுதுகிறவர்கள் வாரம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி ஒருவரையொருவர் பார்வையிடும் உலா என்று பல வடிவங்கள் அங்கே உண்டு. ஆனால் இதை அயல்நாட்டுச் சரக்கு என்று நாம் தள்ளிவைக்க வேண்டியதில்லை. 2004-இல், பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் தமிழ்மணம் திரட்டி தொடங்கிய காலத்திலிருந்தே தமிழ்ப் பதிவர்கள் இதற்கு மிக நெருக்கமான ஏற்பாடுகளைக் கையாண்டிருக்கிறார்கள். தமிழ்மணம் வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக முன்னிறுத்தியது. வலைச்சரம் என்ற வலைப்பூவில் வாரம் ஒரு பதிவர் ஆசிரியர் பொறுப்பேற்று, தாம் படித்த பிற பதிவர்களை நாள்தோறும் அறிமுகம் செய்தார். வலைச்சரத்தில் தம் பெயர் வந்ததைப் பார்த்து மகிழ்ந்த புதியவர்கள் எத்தனையோ பேர். ஒரு தலைப்பில் எழுதிவிட்டு, அதே தலைப்பில் எழுதுமாறு வேறு சிலரைப் பெயர் சொல்லி அழைக்கும் தொடர்பதிவு வழக்கமும் அந்நாளில் பரவலாக இருந்தது. இப்படி எழுத்தில் பழகியவர்கள்தாம் பின்னர் சென்னையில் 2012-இலும், மதுரையில் 2014-இலும், புதுக்கோட்டையில் 2015-இலும் பதிவர் திருவிழாக்களில் நேரில் சந்தித்தார்கள். திரட்டிகளில் பெரும்பாலானவை இன்று இயங்கவில்லை. பேச்சும் முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விட்டது. ஆயினும் முகநூலில் போட்டது மறுநாளே கீழே அமிழ்ந்துவிடுகிறது, வலைப்பூவில் எழுதியதோ பல ஆண்டுகள் கழித்தும் தேடுகிறவர் கைக்குக் கிடைக்கிறது. அப்படி நிலைத்திருக்கும் எழுத்துக்கு வாசகர் கிடைக்க வேண்டும் என்பதாலேயே உலா இப்போது முன்னைவிடவும் தேவைப்படுகிறது என்று நான் கருதுகிறேன்.

உலாவில் சேருவதற்கு முன் உங்கள் வலைப்பூவில் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வருகிறவர் வாசலிலேயே தடுக்கி விழுந்தால் அடுத்த வாரம் வரமாட்டார். பின்னூட்டமிட வருகிறவரிடம் நெளிந்த எழுத்துகளைக் காட்டிப் படித்துச் சொல் என்றோ, படங்களில் பேருந்து எங்கே இருக்கிறது என்றோ கேட்கும் சோதனையை நீக்கிவிடுவது நல்லது. தேவையற்ற விளம்பரங்கள் வந்துவிழும் என்ற அச்சம் இருந்தால், நீங்கள் பார்த்து ஒப்புதல் அளித்த பின்னரே பின்னூட்டம் வெளியாகும்படி அமைத்துக்கொள்ளலாம். பிளாகர் பயன்படுத்துபவர்கள் பின்னூட்டப் பெட்டி பதிவின் அடியிலேயே பதிந்திருக்கும் அமைப்பை வைத்திருந்தால், சில உலாவிகளில் (பிரவுசர்களில்), குறிப்பாக அயல்தளக் குக்கீகளை, அதாவது பார்க்கும் தளமல்லாத வேறு தளங்கள் உலாவியில் சேமிக்கும் சிறு தரவுகளை, தடுத்திருப்பவர்களுக்கு, உள்நுழைந்த பின்னும் பின்னூட்டமிட முடியாமல் போவதுண்டு. தனிப்பக்கமாகவோ தனிச் சாளரமாகவோ திறக்கும் அமைப்புக்கு மாற்றினால் பெரும்பாலும் அந்தச் சிக்கல் தீரும். இந்தத் தடையை உங்களால் உங்கள் கணினியில் கண்டுபிடிக்க முடியாது என்பதால், நண்பர் ஒருவரை அவருடைய கைப்பேசியிலிருந்து ஒரு பின்னூட்டம் இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டியலில் இணைப்பைச் சேர்க்கும்போது வலைப்பூவின் முகப்பு முகவரியைக் கொடுக்கக் கூடாது. குறிப்பிட்ட பதிவின் முகவரியையே கொடுக்க வேண்டும். முகப்பைக் கொடுத்தால், அடுத்த பதிவு வெளியான உடனே நீங்கள் காட்ட நினைத்தது கீழே போய்விடும், வருகிறவருக்கு எதைப் படிப்பது என்று தெரியாது. கைப்பேசியிலிருந்து எடுத்த பிளாகர் முகவரியின் இறுதியில் கேள்விக்குறியும் ‘m=1’ என்ற எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை நீக்கிவிட்டு இணைத்தால், கணினியில் படிப்பவருக்கும் பக்கம் ஒழுங்காகத் தெரியும்.

இனி, உலாவின் இதயமான பகுதிக்கு வருகிறேன். பட்டியலில் இணைப்பைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துபோகிறவர்களால்தான் பல உலாக்கள் அழிந்தன. எல்லாரும் தங்கள் கடையை விரித்துவிட்டு எவரும் எவர் கடைக்கும் போகாவிட்டால் அங்கே நடப்பது வெறும் இணைப்புக் குவியல். எனவே நல்ல உலாக்களில் யார் யாரைப் படிக்க வேண்டும் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கும். "விருப்பம் போல் மூவரைப் படியுங்கள்" என்று விட்டுவிட்டால், பட்டியலின் முதல் நான்கு பேருக்கே பின்னூட்டங்கள் குவியும். வேலை முடிந்து இரவில் வந்து கடைசியாகச் சேர்ந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதற்கு மாறாக, "பட்டியலில் உங்களுக்கு அடுத்துள்ள மூவரைப் படியுங்கள், கடைசியில் இருப்பவர்கள் மேலிருந்து தொடருங்கள்" என்று விதி வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்றால், முதலாமவர் 2, 3, 4 ஆகிய எண்களில் உள்ளவர்களையும், பதினோராமவர் 12, 1, 2 ஆகிய எண்களில் உள்ளவர்களையும், பன்னிரண்டாமவர் 1, 2, 3 ஆகிய எண்களில் உள்ளவர்களையும் படிப்பார்கள். எல்லாரும் மூன்று பதிவுகளைப் படிக்கிறார்கள், எல்லாருக்கும் மூன்று பின்னூட்டங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு வாரமும் சேரும் வரிசை மாறுவதால் அடுத்து நிற்பவர்களும் மாறுகிறார்கள். சில மாதங்களில் ஏறத்தாழ எல்லாரும் எல்லாரையும் படித்திருப்பார்கள். பட்டியல் முடிந்த பிறகே வரிசை உறுதியாகத் தெரியும் என்பதால், சேர்ப்பதற்கு வியாழன், வெள்ளி, படிப்பதற்குச் சனி, ஞாயிறு என்று பிரித்துக்கொள்வது வசதியாக இருக்கும்.

பின்னூட்டம் எழுதுவது தனிக் கலை. தமிழ்ப் பதிவுலகம் இதில் சற்றுக் கெட்டுப்போயிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "அருமை", "பகிர்வுக்கு நன்றி", "தொடருங்கள்" என்ற மூன்றையும் மாற்றி மாற்றி ஒட்டிவிட்டு, தமிழ்மணத்தில் வாக்களித்ததற்கு அடையாளமாக "த.ம. 1" என்று எழுதிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. அதில் அன்பு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொற்களைப் பதிவைத் திறக்காமலே எழுதிவிட முடியும் என்பதால், எழுதியவர் மனத்தில் அவை தங்குவதில்லை. பதிவில் உள்ள ஏதாவது ஒன்றைத் தொட்டுப் பேசும் பின்னூட்டமே பேச்சை வளர்க்கும்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் தம் பாட்டி கேழ்வரகுக் களி கிண்டும் முறையை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உலையில் நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் கோலால் ஒரு துளையிட்டு, மாவு வெந்து மணம் வந்த பிறகு பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக் கட்டியில்லாமல் கிண்டி, ஈரக் கையால் உருட்டி வைப்பார் என்று விவரித்திருக்கிறார். அதற்கு "அருமையான பதிவு, நாவில் நீர் ஊறுகிறது" என்று எழுதினால், அவர் "நன்றி" என்று பதில் சொல்வார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஓசூரிலிருந்து ஒருவர், "எங்கள் வீட்டில் நொய் சேர்ப்பதில்லை, வெறும் மாவில்தான் கிண்டுவோம், கர்நாடகத்து உறவினர்கள் அதை முத்தே என்பார்கள். உங்கள் பாட்டி நொய் எவ்வளவு போடுவார், மாவில் எத்தனை பங்கு?" என்று கேட்டால், எழுதியவர் பாட்டியிடமே போய்க் கேட்டுவந்து பதில் எழுதுவார். காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர் இடையில் புகுந்து, களிக்குக் கீரைக் கடைசலா, மொச்சைக் குழம்பா, கருவாட்டுக் குழம்பா என்று ஒரு விவாதத்தைத் தொடங்குவார். அடுத்த வாரம் ஓசூர்க்காரர் தம் வீட்டு முறையை ஒரு பதிவாக எழுதி, பென்னாகரத்துப் பதிவுக்கு இணைப்புக் கொடுப்பார். இப்போது அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். உலாவில் பிறக்கும் நட்புகள் பெரும்பாலும் இந்த அளவில்தான், ஒரு கேள்வியில்தான் தொடங்குகின்றன.

உங்கள் பதிவுக்கு வந்த பின்னூட்டத்திற்குப் பதில் எழுதுவதும், வந்தவருடைய பதிவுக்கு ஒருமுறை போய்வருவதும் முறை. கருத்து மாறுபட்டால் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். தக்காளி விலை சரிவுக்கு இடைத்தரகர்கள் மட்டுமே காரணம் என்று ஒருவர் எழுதியிருந்தால், ஒரே நேரத்தில் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வரத்துக் கூடுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாக எழுதுவதால் நட்பு கெடாது. எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டும்போது மட்டும் பொதுவில் எழுதாமல் தனி மின்னஞ்சலில் சொல்வது நாகரிகம்.

உலாவில் சேர்ந்தால் கூகுள் தேடலில் தம் வலைப்பூ மேலே வந்துவிடும் என்ற எண்ணத்தில் சிலர் வருகிறார்கள். அது நடக்காது. பின்னூட்டங்களில் இணைப்புகளைக் கொட்டித் தேடல் தரத்தை உயர்த்திக்கொள்ளும் வழக்கம் பெருகியதால், 2005-இலேயே கூகுள் ‘நோஃபாலோ’ என்ற குறியீட்டைக் கொண்டுவந்தது. அந்தக் குறி உள்ள இணைப்புகள் பரிந்துரையாகக் கணக்கில் கொள்ளப்படாது என்று அப்போது அறிவித்தது. பின்னூட்டங்களில் இடப்படும் இணைப்புகளுக்குப் பல தளங்கள் தாமாகவே அந்தக் குறியை இடுகின்றன. தேடல் தரத்துக்காகவே அளவு மீறி இணைப்புகளைப் பரிமாறிக்கொள்வதையும் கூகுள் தன் விதிகளில் முறைகேடாகவே வகைப்படுத்துகிறது. ஆகவே வாசகர் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கும் கருவியாக உலாவைக் கருதுகிறவர் விரைவில் ஏமாந்து வெளியேறுவார். தம் எழுத்தை ஊன்றிப் படிக்கும் ஏழெட்டுப் பேரைத் தேடி வருகிறவருக்கு அது நிச்சயம் கைகொடுக்கும். ஓர் எழுத்தாளர் தொடர்ந்து எழுதுவதற்கு அந்த ஏழெட்டுப் பேர் போதும்.

இங்கே ஓர் உலாவை நடத்த விரும்புகிறவருக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாது. இன்லிங்க்ஸ் போன்ற சேவைகள் பட்டியலைத் தாமே உருவாக்கித் தருகின்றன. அதுவும் வேண்டாம் என்றால், ஒரு கூகுள் படிவத்தில் பெயரையும் பதிவின் முகவரியையும் வாங்கி, இரவில் கையாலேயே பட்டியலிட்டு வெளியிடலாம். இருபது பேருக்கு உட்பட்ட உலாவுக்கு இந்தக் கைவேலையே எனக்குப் பிடித்தமானது, ஏனெனில் ஒவ்வொரு இணைப்பையும் திறந்து பார்த்த பிறகே நடத்துபவர் அதைச் சேர்ப்பார். அவர் எல்லாப் பதிவுகளையும் படிக்க வேண்டும், எல்லாருக்கும் பின்னூட்டமிட வேண்டும், தொடர்ந்து இரண்டு வாரம் காணாமல் போனவரை விசாரிக்க வேண்டும். வேலை அதிகம்தான். வலைச்சரத்தைப் போல் வாரம் ஒருவர் பொறுப்பேற்றால் சுமை பகிரப்படும். புதிதாகச் சேர்ந்தவரும் சில வாரங்களில் நடத்துபவராக மாறும்போது, இது தம்முடையது என்ற உணர்வு அவருக்கு வந்துவிடும்.

வாரம் ஒரு தலைப்பைக் கொடுப்பதா, எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விடுவதா என்பதில் இரு கருத்து உண்டு. நம் இரு மாவட்டங்களுக்குத் தலைப்புக் கொடுப்பதே பொருந்தும் என்பது என் எண்ணம். மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரிக்காரர் பெங்களூரா மாங்காய் கூழ்த் தொழிற்சாலைக்குப் போவதை எழுதட்டும், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் தம் வீட்டு ஒற்றை மரத்தைப் பற்றி எழுதட்டும். கேழ்வரகு அறுவடைக் காலத்தில் தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்தினர் யானைக்குக் காவல் இருக்கும் இரவுகளை எழுதட்டும். ஊரோரத்து நடுகல், மகாபாரதக் கூத்து, பட்டுக்கூடு அங்காடி, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அண்ணன் என்று ஒரே தலைப்பை எட்டுப் பேர் எட்டுப் பக்கமிருந்து எழுதினால், எந்த நூலிலும் இல்லாத ஒரு வட்டார ஆவணம் வாரந்தோறும் வளரும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசித் தமிழில் எழுதுகிறவர்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் பலர். அவர்களுடைய சொற்களும் பண்டிகைகளும் இத்தகைய உலாவில்தான் இயல்பாக வெளிச்சத்துக்கு வரும். பிழைப்புக்காக வெளியூரில் இருப்பவர்களையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஊரைப் பற்றி அதிகம் நினைப்பவர்கள் அவர்கள்தாம்.

பழக்கம் கூடும்போது சில எச்சரிக்கைகளும் தேவை. வீட்டு முகவரி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, ஊரில் இல்லாத நாள்கள் ஆகியவற்றைப் பதிவிலோ பின்னூட்டத்திலோ எழுத வேண்டாம். பெண் பதிவர்களின் கைப்பேசி எண்ணை "தொடர்புக்கு" என்று கேட்டு நச்சரிப்பவர்களை நடத்துபவர் தயங்காமல் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். புனைபெயரில் எழுதுகிறவரின் உண்மைப் பெயர் தெரிந்துவிட்டால் அதை வெளியில் சொல்லாதிருப்பது நம்பிக்கையின் முதல் விதி. பிறர் எடுத்த படத்தையோ எழுதிய பத்தியையோ கேட்காமல் எடுத்துப் போடுவதும் உறவை முறிக்கும் செயல்களில் ஒன்று.

சில மாதங்கள் ஒழுங்காக நடந்த உலாவில், நேரில் பார்த்தால் என்ன என்ற பேச்சு எப்படியும் எழும். முதல் சந்திப்பைப் பொது இடத்தில், பகல் நேரத்தில், எல்லாரையும் அழைத்து வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரியில் புத்தகத் திருவிழா நடக்கும் நாள்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. ஓசூரிலிருந்தும் அரூரிலிருந்தும் பேருந்தில் வந்து மாலைக்குள் திரும்பிவிடலாம், பேச்சு தடுமாறினாலும் புத்தகக் கடைகளைச் சேர்ந்து சுற்றலாம். வர முடியாதவர்களுக்காக, வந்தவர்கள் அந்த வார உலாவில் சந்திப்பைப் பற்றியே எழுதிவிட வேண்டும். படம் வெளியிடுவதற்கு முன், அதில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கேட்டுக்கொள்ளுங்கள்.